விரதக்காரனும் விரலை வெட்டாத ரம்பமும்

தச்சனுக்குக் கை கொடுக்கிறவர்கள் முதலில் அவன் விரல்களைத்தான் எண்ணுவார்கள். சக தொழிலாளிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

எனக்குப் பத்தும் இருக்கின்றன. ஆனால் தீபாவளிக்கு முன்னால், பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் என் பட்டறையில், ரம்பத்தில் சிக்கிய பலகை ஒன்று திருப்பி அடித்தது. ஆள்காட்டி விரல் மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து மேசை ரம்பத்தின் பக்கம் போவதற்கே பயம். சமையலறை கபினெட் செய்கிறவன் பலகையை வெளியே கொடுத்து அறுத்து வாங்கிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? தொழிலையே விட்டுவிடலாமா என்ற யோசனை வந்துவிட்டது. ஜார்ஜ் டவுனில் மரவேலைக் கண்காட்சி, விரல் பட்டால் தானாக நிற்கிற ரம்பம் வருகிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி மாலா. இந்த மாதிரி கண்காட்சிக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

பாலத்தில்

பினாங்குப் பாலத்தில் நெரிசல். தலை வலிக்கிறது என்றேன். வயிறு சரியில்லை என்றேன். பார்க்கிங் கிடைக்காது என்றேன். பாலம் முடியும்போது மாலா என் பக்கம் திரும்பினாள்.

"இப்படியே வீட்டுக்குத் திருப்புங்க. நாளையிலேர்ந்து நீங்க சமைங்க, நான் பட்டறைக்குப் போறேன்!"

கண்ணில் ஒற்றியது

மண்டபத்துக்குள் நுழைந்தால் ஒரே இரைச்சல். ஒவ்வொரு மெஷின் கத்தும்போதும் நான் மாலாவின் பின்னால் ஒதுங்கினேன். பக்கத்தில் பளபளவென்று ஒரு புது இழைப்பு மெஷின். விற்க நின்ற சீன இளைஞர், "தொட்டுப் பாருங்க பாஸ்" என்றார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிற கை. யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"பாஸ், கண்ணுல தூசியா? முதலுதவி அந்தப் பக்கம் லா!"

கோழி சோசேஜ்

நாங்கள் தேடி வந்த ரம்பத்தைச் சுற்றி நல்ல கூட்டம். பாதுகாப்புக் கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பெண் விளக்கிக்கொண்டிருந்தார். விரலுக்குப் பதிலாகக் கோழி சோசேஜை ரம்பத்தில் தள்ளிக் காட்டுவார்களாம். பட்டதும் ரம்பம் டக்கென்று நின்றுவிடுமாம். யார் தள்ளுகிறீர்கள் என்று கேட்டவர், என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாரோ, நேராக என் கையில் சோசேஜை வைக்க வந்தார். நான் துள்ளிக் குதித்துப் பின்னால் போனேன். விரல் தப்பியதற்காகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறேன், கோழியைத் தொடுவதாவது!

"நான் விரதம்மா!" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். அப்பாடா, ரம்பத்தைத் தொடாமல் தப்பித்தோம், முருகன் கைவிடவில்லை என்று நான் பூரித்துப்போனேன். அந்தப் பெண் சோசேஜை வைத்துவிட்டுக் கீழே குனிந்து எதையோ எடுத்தார்.

"சைவமாண்ணே? அப்ப இந்தப் பலகையையே அறுத்துக் காட்டுங்க!"

பலகை

எல்லார் கையிலும் போன். ஓடவும் வழியில்லை. சுவிட்ச் போட்டதும் அதே சத்தம், அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். பலகையை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பின்னாலிருந்து மாலா, "மூச்சை விடுங்க" என்றாள். அப்போதுதான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதே தெரிந்தது.

விட்டேன். கை ரம்பத்தின் பக்கம் போகாமலிருக்க வைத்திருந்த தள்ளுகட்டையைப் பிடித்து மெதுவாகத் தள்ளினேன். பலகை நேராக இரண்டாகி மேசையில் கிடந்தது. விரல்கள் என்னிடமே இருந்தன. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு மட்டும் ஒரே ஏமாற்றம்.

"அட என்னப்பா, ரம்பம் நிக்கவே இல்லியே!"

அந்தப் புது ரம்பம் விரல் பட்டால் நிற்குமா நிற்காதா என்று பார்க்காமலே வீடு திரும்பிய நான், மறுநாள் காலை, எதற்குமே நிற்காத என் பழைய ரம்பத்தின் சுவிட்சைப் போட்டேன்.