பாதை ஓடாத நாள்

மண்டூர்த் துறையில் பாதையின் இரும்புப் பலகை சீமெந்தில் உரசிய சத்தம் கேட்டதும், அளவு நாடாவைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தேன். ஆட்களையும் வாகனங்களையும் வாவியின் அக்கரைக்குச் சேர்க்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.

அந்தச் சத்தம் பழைய நாளொன்றை நினைவில் கொண்டுவந்தது. அப்போது யுத்த காலம். எனக்குப் பத்து வயது. பல்கலைக்கழகத் திறமைப் புலமைப்பரிசிலுக்கான நேர்முகத்துக்கு வாவி தாண்டிப் புளியந்தீவு போன அக்கா, துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். அது கிடைத்தால் விடுதிக் கட்டில், சாப்பாடு, புத்தகங்கள். கிடைக்காவிட்டால் படிக்க வைக்க வசதியில்லை என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார். அன்று ஆமிக்காரர் பாதையை மறித்து வைத்ததால், மதியம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம்.

"ஏன் பிந்தினீர்?" என்றார் கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி.

"பாதை ஓடல்ல, சேர்."

அவர் சிரித்தார். "பாதை எங்கே பிள்ளை ஓடும்? நீரல்லவா ஓடி வந்திருக்க வேணும்!"

அக்கா சிரிக்கவில்லை. மேசையிலிருந்த தாளை எடுத்து மிதவையை வரைந்தாள். "இதுதான் எங்கட பாதை. இது ஓடாட்டித் தண்ணியில நடந்து வர ஏலா, சேர்."

"லொறி ஏறினால் தாழாதா?"

"தாழாது. ஏனெண்டு கணக்குப் போட்டுக் காட்டட்டா?"

போட்டுக் காட்டினாள். பாதிக் கணக்கில் அவரே எழுந்து அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

புலமைப்பரிசில் கிடைத்தது. கட்டில், சாப்பாடு, புத்தகங்கள் எல்லாம் வந்தன. அறிவித்தலில் இல்லாத ஒன்றும் வந்தது: பிறகு நான் படிக்கும் முறை வந்தபோது, பொம்புளப் புள்ளைக்கு ஏன் இவ்வளவு படிப்பு என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை.

இப்போது அதே துறையில் பாலம் கட்டுவதற்கு அளக்க வந்திருக்கிறேன். அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பாதை ஓடுதா, புள்ள?"

"ஓடுது, அக்கா. நான் பாலத்த முடிக்குமட்டும் ஓடட்டும்."