பூவாடைக்காரிக்கு வைக்காத சேலை

ஹாம்பர்க்கில் என் வீட்டு மணியைக் காலையில் ஒரு போலீஸ்காரம்மா அடித்தார். கீழ்வீட்டுக் கிழவர், கொஞ்சம் புத்தி தடுமாறியவர், வீட்டுச் செருப்போடு எங்கோ போய்விட்டாராம். படத்தைக் காட்டி, பார்த்தீர்களா என்றார். "பெரிய பணக்காரரா?" என்று கேட்டேன். எனக்குப் பாஷை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, "ஃபெர்மிஸ்ட்... காணவில்லை" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்குப் புரிந்துதான் இருந்தது. நாதியில்லாத ஒரு கிழவருக்காக இரண்டு வண்டி வந்து நிற்பதைப் பார்த்து வயிறு எரிந்தது. ஊரில் இருக்கும் நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லலாம். என் அக்கா சகுந்தலாவை யாரும் இப்படித் தேடவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அவளை ஆர்.கே.பேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் கொடுத்தோம். பிள்ளை பிறந்து செத்ததிலிருந்து அவள் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். ஆடிக் கிருத்திகைக்கு மொட்டையடித்தால் தெளியும் என்று அவள் புருஷன், எங்கள் பாவா, அவளைத் திருத்தணிக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது தனியாக வந்தார். "கூட்டத்துல கைய உட்டுட்டா மச்சான். தேடிகினே இருந்தேன்" என்றார். நானும் நைனாவும் மலைக்கு ஓடினோம். படியெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அடையாளம் சொன்னால், "மொட்டை அடிச்ச பொம்பளையா? மலை பூரா அதான்" என்று சிரித்தார்கள். ஸ்டேஷனில், புருஷன் வந்து சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் போகவே இல்லை. அதனால் அவள் காணாமல் போனவர்கள் கணக்கிலும் இல்லை, செத்தவர்கள் கணக்கிலும் இல்லை. பிறகு திருப்பதிப் பக்கம் செத்துக் கிடந்ததாக யாரோ சொன்னார்கள் என்று சொல்லி, பாவா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

போன வருஷம் அந்த இரண்டாவது மனைவியின் மகளுக்குக் கல்யாணம். சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கி, கல்யாணத்துக்கு முன்னால் சேலை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த வீட்டுச் சேலை வேண்டும் என்று பாவா சொல்லியனுப்பினார். சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. அரக்கு நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

அவள் பொருள் ஏதாவது மணைமேல் இருக்க வேண்டுமாம். மஞ்சளும் பூவும் வைத்து, நடுவில் பாவா ஒரு தாலியை வைத்தார். பக்கத்தில் ஒரு மூக்குத்தி. இரண்டும் அக்காவுடையவை. சம்பந்தி வீட்டார் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"பாவா, பொணத்த நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல மச்சான். ஆளுங்கதான் சொன்னாங்க."

"அப்ப இந்தத் தாலி எப்டி வந்துச்சி?"

அவர் பூவை நகர்த்தித் தாலியை மூடப் பார்த்தார். "மொட்டை அடிக்கச் சொல்லவே கழட்டிட்டியா? கழட்டி மடியில முடிஞ்சிகினு அவள அங்கியே உட்டுட்டு பஸ் ஏறிட்டியா?" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "இன்னாங்க இது? ஆளு தொலைஞ்சா தாலி மட்டும் எப்டிங்க ஊட்டுக்கு வரும்? இது பூவாடைக்காரி இல்லீங்க, உசுரோட தாலிய அறுத்த பாவம். நாங்க கும்பிட மாட்டோம்."

மணப்பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பாவமும் அறியாதவள். இருந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்யாணம் படையல் இல்லாமலே நடந்ததாம். இனி அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அக்கா பேர்தான் அடிபடும். பாவா அதைக் கேட்டுக்கொண்டே கிழவனாகட்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இங்கே ஹாம்பர்க்கில் சாயங்காலம் கீழ்வீட்டுக் கிழவரைப் போர்வை போர்த்திக் கூட்டிவந்துவிட்டார்கள். கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டு மேலே வந்து கோட்டை மாட்ட அலமாரியைத் திறந்தேன். உள்ளே அந்த அரக்குச் சேலை தொங்குகிறது. இந்தக் குளிருக்கு அது உதவாது, ஊரில் கொடுக்கவும் ஆளில்லை. அவள் வந்தால் கட்டிக்கொள்ளட்டும். வராத வரைக்கும் அந்த வீட்டு மணையில் அது ஏறாது.