முழங்காலுக்குக் கீழே வந்த பந்து

பென்சில்வேனியாச் சுரங்கம் ஒன்றில் கூரைப் பாறை சரிந்து ஈவன் ப்ராஸரின் தோளெலும்பு முறிந்தது. முறிந்த எலும்பு கோணலாகக் கூடியது. அதன்பின் இடக்கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. கரி வெட்ட ஆகாத அந்தக் கை பேஸ்பால் மட்டைக்குப் போதுமாயிருந்தது. மட்டைக்காரன் 'மேலே' என்றோ 'கீழே' என்றோ கேட்டால் அங்கேதான் பந்து வீசவேண்டும் என்பது அப்போதைய விதி. ஈவன் எப்போதும் 'கீழே' என்பான். 1886இல் அவன் ஆடிய சிறு லீகில், அதிக அடி அடித்தவர் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் நின்றது. அதை அவனுடைய திறமை என்றார்கள். பாதி அந்த விதியின் தயவு என்பது அவனுக்கே தெரியாது.

குளிர்காலத்தில் எங்கோ சிலர் கூடி விதியை எடுத்துவிட்டார்கள்.

வசந்தத்தில் எல்லாப் பந்தும் தோளுயரத்தில் வந்தது. பழக்கத்தில் அவன் நடுவரிடம், "கீழ" என்றான்.

"துரைக்கு இன்னும் போன வருஷமே முடியலடா!" என்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன் கத்தினான். "ஏணி வச்சு ஏத்தி விடுங்கடா அவன!"

நான்கு வாரத்தில் மூன்றே அடிகள். மேலாளர் க்விக் அவனைத் தனியே கூப்பிட்டார். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன், ப்ராஸர். ஒரே ஒரு அடி காட்டு. இல்லன்னா வேற ஆள்தான்."

வேறு வேலை என்றால், முடமானவர்கள் குனிந்து உட்கார்ந்து கரியில் கல் பொறுக்கும் கொட்டகைதான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் மட்டை பிடித்த கடைசி முறை. மூன்று பந்து தவறவிட்டிருந்தான். இன்னொன்று தவறினால் ஆட்டமிழப்பான். வீசியவன் பக்கம் நான்கு பந்து, தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே வராமல் வீணாகியிருந்தன. ஐந்தாவதும் அப்படி வீணானால், அடிக்காமலே முதல் மூலைக்குச் சும்மா நடக்கலாம். அந்த வருஷம் அந்த நடையையும் ஓர் அடியாகவே எழுதினார்கள்.

"சும்மா நில்லுப்பா!" என்று க்விக் கத்தினார்.

பந்து முழங்காலுக்குக் கீழே வந்தது. விட்டிருந்தால் போதும். ஆனால் நான்கு வாரமாக அவன் காத்திருந்த பந்து அது. சுழற்றினான். அந்த வருஷத்தில் அவன் அடித்த மிக நல்ல அடி. வேலி வரை பறந்தது. வேலியில் முதுகு முட்ட நின்றவன் பிடித்துவிட்டான்.

க்விக் திட்டக்கூட இல்லை. "விட்டிருக்கலாமேய்யா," என்றார். "சட்டைய திங்கக்கிழமை குடுத்துடு."

வீட்டில் மனைவி குவென் கேட்டாள்: "அவர் கத்துனது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏங்க?"

"என் பந்து, குவென். விட மனசு வரல."

அழுக்காய்த் திருப்பித் தரக்கூடாது என்று கோடு போட்ட குழுச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். இடத்தோளில், அவன் கை சுலபமாய் நுழைவதற்காக அவள் வைத்துத் தைத்திருந்த ஒட்டுத்துணியைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தாள்.

"அது இருக்கட்டுமே," என்றான் ஈவன்.

"அடுத்து போடுறவருக்கு ரெண்டு தோளும் நல்லாத்தானே இருக்கும்," என்று சொல்லிப் பிரிக்கத் தொடங்கினாள்.