மாமனார் கோழியிடம் பேசிய நாட்கள்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேனா பிடித்தது கடிதம் எழுத மட்டும்தான். அதுவும் ‘இங்கு அனைவரும் நலம்’ என்பதைத் தாண்டி அதிகம் போனதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருத்தி, முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி ஒரு கோழிக்குஞ்சைப் பற்றி எழுத உட்கார்ந்தது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தெரிகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சாயங்காலம் இன்றைக்கும் என் மனசை விட்டுப் போகவில்லை. யாரிடமும் வாயால் சொல்ல வராததால் எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது விழுப்புரத்தில், ரயில்வே லைனை ஒட்டின ஒரு தெருவில். வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்துக்கு. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டில் நிலக்கடலை போடுகிற கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, ஒரு ஜோடி வண்டி மாடு, நிறையக் கோழிகள். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் வேலை. வாரத்துக்கு ஒரு முறை வருவார்.

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அவருக்கு வேண்டியதை மாமியாரிடம் சொல்வார், மாமியார் என்னிடம் சொல்வார். நான் பதில் சொன்னால் அது அதே வழியில் திரும்பிப் போகும். இது மரியாதை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூச்ச சுபாவக்காரியான எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயத்தில், மாமியார் ஒலக்கூரில் இருந்த மகளின் இரண்டாவது பிரசவத்துக்குப் போனார். வீட்டில் மாமனாரும் நானும்தான். முதல் நாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். முற்றத்தில் அவர் குரல் கேட்டது.

“ஏ கோழி, குளிக்க வெந்நி இருக்குதான்னு கேளு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தேன். அங்கே குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த செவலைக் கோழியைப் பார்த்துத்தான் அவர் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கதவுக்குப் பின்னாலிருந்து, “காஞ்சிக்கினு இருக்குதுன்னு சொல்லு கோழி” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்படியே நடந்தது. சாப்பாடு, கொல்லை வேலை, மாட்டுக்குத் தவிடு எல்லாமே செவலைக் கோழி வழியாக. மாடுகளிடம் அவர் வேலை மட்டும்தான் பேசுவார். வீட்டு விஷயம் பேச மாட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. “உங்க ஊட்ல கோழியாவது கீது. எங்க மாமனாரு செவுத்தாண்ட பேசுவாரு. எங்கூட நேரா பேசினது ஒரே தபாதான்” என்றாள்.

“எப்பக்கா?”

“எங்கம்மா செத்த அன்னிக்கி.”

அந்த நாட்களில்தான் விழுப்புரத்தில் என் அப்பாவுக்கு டைபாயிடு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் வீட்டுக்காரர் கூட இருந்து பார்த்துக்கொண்டார். பஸ் கண்டக்டர் ஒருவர் மூலமாகச் சேதி சொல்லி அனுப்புவார். மாமனார் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதைக் கேட்டு வந்து கோழியிடம் சொல்வார்.

“காச்சல் இன்னும் நிக்கலியாம். கஞ்சி உள்ள எறங்கலியாம். சொல்லு.”

மறுநாள், “ஊசி போடறாங்களாம். பயப்பட வேணாம்னு சொல்லு.”

எனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். ஆனால் நான் போய்விட்டால் இந்த மனுஷருக்குச் சோறு போடுவது யார், மாட்டைப் பார்ப்பது யார். கேட்கலாமா கூடாதா என்று பல தடவை வாய் வரைக்கும் வந்து நின்றது. கடைசியில் ஒரு நாள், மறுநாள் காலையில் கோழியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன வார்த்தை சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

காலையில் கூட்டைத் திறந்தால் கோழிகள் வெளியே வரவில்லை. நான்கைந்து விறைத்துக் கிடந்தன. மற்றவை இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றன. தெருவெல்லாம் கோழிச் சீக்கு. ராத்திரி நன்றாக அடைந்த கோழிகள் விடிவதற்குள் இப்படிக் கிடக்குமா என்று நான் கூட்டுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். செவலைக் கோழி மத்தியானம் வரைக்கும் தாங்கியது. குஞ்சுகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மாமனார் எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார்.

ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியது. கறுப்பு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். அதற்கும் கண் செருகிக்கொண்டுதான் இருந்தது. நான் அதை எடுத்து உள்ளே கொண்டுவந்தேன். உமியை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து கூடைக்குள் வைத்து, மேலே பழைய வேட்டிக் கிழிசலைப் போட்டு, அதன்மேல் குஞ்சைப் படுக்க வைத்தேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அலகோரம் பிழிந்தேன். சின்ன வெங்காயத்தை நசுக்கிச் சாறு எடுத்து ஒரு சொட்டு விட்டேன். கேப்பைக் கூழை நீர்க்கக் கரைத்து விரல் நுனியில் தொட்டு வைத்தால், அலகு திறந்து மூடும், உள்ளே போனதா என்று தெரியாது. உமி ஆறினால் மறுபடி வறுப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “இன்னாமே இது, கொழந்தையாட்டம் சீராட்டிக்கினு. கொழம்பு வெச்சா ஒரு வாய்க்குக் காணாது” என்றாள்.

“இதுவும் பூட்டா நான் யார்கிட்டக்கா கேக்கறது, ஊருக்குப் போவணும்னு” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது எப்படிப்பட்ட பேச்சு என்று உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மாமனார் வெறுமனே திரும்பி வந்தார். கண்டக்டர் வரவில்லை போலிருக்கிறது. கூடையருகே வந்து குஞ்சைப் பார்த்தார். அது கண்ணைத் திறக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில் குஞ்சு காலை நீட்டிவிட்டது. தூக்கினால் தலை தொங்கியது. நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து, “ஜல்தி ஒரு குண்டான் எடு. கவுத்துப் போட்டுத் தட்டு. உசுரு கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்தா எழுந்துக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்ததைப் பார்க்கத் திரும்பி ஓடினாள். எங்கள் பக்கத்தில் மயங்கிய குஞ்சுக்கு அப்படித்தான் செய்வார்கள். பித்தளைக் குண்டானைக் குஞ்சின்மேல் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் மெதுவாகத் தட்டத் தொடங்கினேன். டங், டங் என்று சத்தம். உள்ளே அசைவே இல்லை. நான் நிறுத்தாமல் தட்டினேன்.

மாமனார் வேகமாக உள்ளே வந்தார். நான் எழுந்து கதவுக்குப் பின்னால் போகக்கூட நேரமில்லை. காலியாகக் கிடந்த கூடையைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, “இந்தா, இங்க பாரும்மா. உங்கப்பா...” என்றார்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது என் குரல்தானா என்று எனக்குத் தெரியாது. கரண்டியை வீசிவிட்டுத் தரையில் புரண்டேன். “என்னப் பெத்த அப்பா” என்று நான் அலறினதைத் தெருக்கோடி வரைக்கும் கேட்டார்களாம். அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பெண்கள். யாரோ என் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். ஒப்பாரி தொடங்கிவிட்டது. ஒருத்திகூட என்ன சேதி என்று கேட்கவில்லை. மாமனார் மருமகளிடம் நேராகப் பேசினார் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மாமனார் அப்படியே சுவரோடு ஒட்டி நின்றார். இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்தார், சத்தத்தில் எடுபடவில்லை. பிறகு சட்டென்று தரையில் உட்கார்ந்து, கவிழ்ந்திருந்த குண்டானைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“ஏ குஞ்சே, அவுங்கப்பாவுக்குக் காச்சல் வுட்டுப்போச்சாம். நல்லா எழுந்து ஒக்காந்துட்டாராம். காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பி இருக்கச் சொல்லு, போய்ப் பாத்துட்டு வரலாம். அழுவாதன்னு சொல்லு.”

எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. அக்காவின் கை மாருக்கு நேராக ஓங்கினபடியே இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த அமைதியில் குண்டானுக்குள்ளிருந்து நகம் பித்தளையைக் கீறுகிற சத்தம் வந்தது. அப்புறம் ‘கீச்’ என்று ஒரு தடவை.

யாரும் நகரவில்லை. நான்தான் போய்க் குண்டானைத் தூக்கினேன். குஞ்சு நின்றுகொண்டிருந்தது. காலை அகட்டி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு நின்றது.

“ஏன் பெரீவரே, நல்ல சேதிய இப்பிடியா சொல்லுவாங்க. எங்க உசுரே பூட்டுச்சி” என்றாள் அக்கா.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சந்தோஷத்தில் வழக்கத்தை மறந்தாரா, அல்லது குஞ்சும் செத்துவிட்டது என்று நினைத்து வேறு வழியில்லாமல் பேசினாரா, எனக்குத் தெரியாது. அவரிடம் அதை எப்படிக் கேட்பது. அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொள்ளக்கூடத் தோன்றாமல் நான் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. என்னுடையதும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தபோது குஞ்சு கூடைக்குள் செத்துக் கிடந்தது. முதல் பஸ்ஸில் மாமனாரும் நானும் விழுப்புரம் போனோம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.