முன்வரிசை நாற்காலிகள்

"படிச்சிருக்கே, சரி. நாலு பேரை உக்கார வைக்கத் தெரியுமா உனக்கு?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரீத்தா மேடம் என்னைக் கேட்டது இது. காரைக்காலில் ஒரு பழைய நெல் கிடங்கைச் சீர்செய்து, எண்பது நாற்காலி போட்டுக் கலைக்கூடமாக நடத்துகிறவர் அவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஜாஸ் இசைக் குழு வரும். மற்ற சனிக்கிழமைகளில் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

நான் எம்.ஏ. முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் விழிதியூரில் கூலிக்கு வயல் வேலை செய்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாது. மேடத்தின் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. உட்கார வைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இந்த வேலைக்கு வரப்போகிற தங்கைகளுக்காக, அதில் என்ன இருக்கிறது என்பதை எழுதுகிறேன்.

1. ஜாஸ்

முதல் ஜாஸ் அன்று காரைக்கால்மேட்டிலிருந்து படகுக்காரர் ஒருவர் வந்திருந்தார். சாக்ஸபோனும் டிரம்ஸும் இருபது நிமிடம் முழங்கிய பிறகு என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"எப்பம்மா ஆரம்பிப்பாங்க?"

"வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்கண்ணே."

"அப்படியா! நான் சுதி சேக்குறாங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் அதன் பிறகு ஒரு மாதமும் தவறியதில்லை. கோபித்துக்கொண்டு போனவர் வேறொருவர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவரை மூன்றாவது வரிசையில் உட்காரச் சொன்னேன். சால்வையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"மரியாதைப்பட்டவங்கள முன்னால போடணும்மா. பேரை அடிச்சு நாற்காலியில ஒட்டிரு," என்றார் மேடம்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. டிரம்ஸ் சத்தம் தாங்காதவர்களைச் சுவரோரம் வைத்தேன். கைக்குழந்தைக்காரிகளுக்குக் கதவோரம். பெரியவர்களுக்கு முன்வரிசை, கொட்டை எழுத்தில் பெயர். ஆறு மாதத்தில் மேடம் அரங்கச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

2. படம்

அப்பாவுக்குப் பழைய படம் என்றால் உயிர். ஆனால் என் அரங்குக்கு வரக் கூச்சப்பட்டார். "அங்கல்லாம் நாங்க எதுக்கு பாப்பா?" என்பார். நான் பார்க்கும் வேலையை அவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. ஒரு சனிக்கிழமை சம்மதிக்க வைத்தேன்.

முன்வரிசை நடுவில் இரண்டு நாற்காலி. அப்பா பெயருக்கு முன்னால் திரு, அம்மா பெயருக்கு முன்னால் திருமதி. அச்சடித்து ஒட்டினேன். அதுவரை யாரும் அவர்களை அப்படி எழுதியதில்லை.

அப்பா சலவைச் சட்டையில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு முன்னால் அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் ஒருமுறை பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கதானா பாப்பா?"

"இங்கதான்ப்பா. உங்களுக்குன்னே வச்சிருக்கேன்."

வாசலில் ஆட்கள் நின்றார்கள். நான் ஓடிவிட்டேன். இடைவேளையில் வந்து பார்த்தபோது இருவரும் இல்லை. பெயர்த்தாள்கள் இரண்டும் பக்கத்து நாற்காலியில், கசங்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எழுத்தின் மேல் உட்காரக் கூடாது என்று அப்பா எடுத்து வைத்திருக்கிறார்.

வீட்டில் கேட்டதற்கு, "உங்கப்பாவுக்குக் கழுத்து வலி," என்றாள் அம்மா. நான் தைலம் தேய்த்துவிட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். படம் எப்படி என்று கேட்டேன். "நல்ல படம்," என்றார்.

அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, நாலே நாளில் போய்விட்டார்.

3. கொட்டகை

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"டூரிங் கொட்டகையில முன்னால மணல்தான் நமக்கு. தலைய அண்ணாந்துக்கிட்டே பாக்கணும். நம்மள நாத்து நட வைக்கிற நிலத்துக்காரங்க வீட்டு ஆளுங்க பின்னால நாற்காலியில உக்காந்திருப்பாங்க. கல்யாணமான புதுசுல உங்கப்பா சொன்னுச்சு, ஒருநா ஒன்னய பின்னால நாற்காலியில உக்கார வச்சுப் படம் காட்டுறேன்னு. அதுக்குள்ள கொட்டகையப் பிரிச்சுட்டான்."

முறத்தை நிறுத்தினாள்.

"அன்னிக்கு ஒங்க எடத்துலேருந்து வெளியில வந்ததும், 'புள்ள படிச்சும் நமக்கு முன்னாலதான் போல'ன்னுச்சு."

"அம்மா, அது மரியாதைக்குப் போட்ட இடம்மா. பேரு ஒட்டியிருந்தேனே."

"எங்களுக்கு என்னடி தெரியும், அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு?"

தைலம் தேய்த்த அந்த இரவில் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. முன்னால் என்றால் மரியாதை என்று ஜாஸ் இரவுகளில் கற்றுக்கொண்டேன். அதே அரங்கில் படத்துக்குத் திரை இறங்கினால் முன்வரிசைக்கு வேறு அர்த்தம் உண்டு என்பது, மணலில் உட்காராத எனக்குத் தெரியாமல் போயிற்று. மணலில் உட்கார்ந்தவர்கள் என் வீட்டிலேயே இருந்தார்கள். நான் கேட்கவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் அன்னிக்கு அங்கதாம்மா இருந்தேன். எனக்கும் தோணலியே," என்றார்.

இப்போது படத்தன்று பெயர் ஒட்டுவதில்லை. வருகிறவர்களை, "எங்க உக்காந்தா தோதா இருக்கும், சொல்லுங்க," என்று வாசலிலேயே கேட்கிறேன். தங்கைகளே, எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான்.

நேற்று அம்மாவையும் கேட்டேன். கடைசி வரிசை என்பாள் என்று காத்திருந்தேன்.

"ஃபேனுக்குக் கீழ போடு," என்றாள்.

ஐந்தாவது வரிசையில் ஃபேனுக்குக் கீழே இரண்டு இடம் குறித்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை வாசலில் எனக்குப் பதில் நிற்க ஆளும் சொல்லிவிட்டேன்.