மடித்து வைத்த மீதி

தன் உடம்பு தன்னுடையதுதான் என்று ஒருவர் வேலையிடத்து வாசலில் நிரூபிக்க வேண்டி வந்தால், அங்கே அதிகாரியாக நிற்பவளின் பொறுப்பு என்ன? என் மேசை இழுப்பறையில் கிடக்கும் வெள்ளை பனியன் துண்டைக் காணும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராக நான் சேர்ந்தபோது, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பகுதியின் மேற்பார்வையாளர், எல்லோரும் அக்கா என்றே அழைப்பவர், ஏற்கெனவே பாதியாக இளைத்திருந்தார். சர்க்கரை நோய்க்குப் பயந்து, இரண்டு வருடம் நடந்தும் சோற்றைக் குறைத்தும் ஐம்பது கிலோ எடையை இறக்கியவர். “பாதி ஆளுதான் வேலைக்கு வருது, மீதி எங்கீங்க்கா?” என்று உடன் வேலை செய்யும் பெண்கள் சீண்டுவார்கள். “மீதியும் இங்கதான் கண்ணு, மடிச்சு வெச்சிருக்கறேன்” என்பார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அவர் உள்ளதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

வயிற்றில் தொங்கிய தோலை அகற்றக் கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, ஆறு வாரம் விடுப்புக் கேட்டு அவர் என்னிடம் வந்தார். விண்ணப்பத்தின் ஓரத்தில், ‘அழகுக்கான அறுவை; அவசரமில்லை’ என்று எழுதினேன். சமூகப் பணி படித்த கை அது. நிர்வாகம் அந்தக் குறிப்பைப் படித்தே விடுப்பை மறுத்தது. “சரீங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்.

துணி திருட்டுப் போகிறதென்று அந்த நாட்களில் வாசல் சோதனையைக் கடுமையாக்கியிருந்தோம். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வரிசையில் நிற்க, காவலுக்கு இருந்த பெண் அக்காவின் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். “என்னமோ சுத்தி வெச்சிருக்குதுங்க மேடம், மெத்துமெத்துங்குது.” எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவை ஓய்வறைக்கு அழைத்துப்போய், காட்டச் சொன்னேன்.

சேலையைத் தளர்த்தினார். தொடைவரை மடிந்து தொங்கியது அவருடைய தோல்தான். வேர்வையில் புண்ணாகாமலிருக்க, சாயம் ஏறாத பனியன் கழிவுத் துண்டுகளை மடிப்புகளுக்குள் செருகியிருந்தார். அப்படியும் புண்ணாகியிருந்தது. ஒரு துண்டை உருவி என் கையில் வைத்தார். “துணி உங்களுதுங்க மேடம், எடுத்துக்குங்க. தோலையுங் கழட்டி வெச்சுட்டுத்தான் போகோணுங்களா?”

அன்றே விண்ணப்பத்திலிருந்த என் குறிப்பை அடித்துவிட்டு, நான் கண்டதை எழுதி நிர்வாகத்துக்கு மறுபடி அனுப்பினேன். விடுப்புக் கிடைத்தது. ஆனால் மருத்துவமனையில் மறுபடி நாள் கிடைக்கக் கோடை முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையின் புண்களில் என் கையெழுத்துக்கும் பங்குண்டு. சோதனை விதி நிர்வாகத்தினுடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ‘அழகு’ என்ற சொல் என்னுடையது.

அக்கா குணமாகித் திரும்பி வந்தார். வெள்ளைத் துண்டுகளால் இப்போது மேசையைத் துடைக்கிறார். பெண்களோடு பழைய கேலி தொடர்கிறது. என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான். அன்று அவர் கொடுத்த துண்டை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை. எங்கள் வாசலில் இப்போது பைகளை மட்டுமே பார்க்கிறோம். யாருடைய உடம்பையும் தொடுவதில்லை.