பேதுரு அண்ணன் இறுக்கிச் செய்த அலுமாரி

பேதுரு அண்ணன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத உட்கார்ந்ததும் எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பேசாலையில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகுவேலிதான். கடலுக்குப் போகாத நாட்களில் மரவள்ளங்களைத் திருத்திக் கொடுப்பார். அவர் கைபட்ட வள்ளம் ஒழுகியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கேறித்தான் இருந்தது. வேலை தெரிந்த மனிதர், கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் என்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அவர் மனைவி றஞ்சிதம் அக்காவுக்கு இழுப்பு. கருவாடு காயும் வாடை பட்டாலும் வரும், மாரிக் குளிர் பட்டாலும் வரும். வந்தால், வாயில் வைத்து இழுக்கிற பம்ப் உடனே கைக்கு எட்ட வேண்டும். அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பார்.

உப்புக்காற்றில் மாத்திரைகள் ஈரம் பிடித்துக் கரைந்தன. மருந்துப் புகை பிடிக்கும் மெஷினிலும் கறள் ஏறியது. பேதுரு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வளவில் நின்ற வேம்பைத் தறித்து அரிந்து வைத்திருந்த பலகைகளை எடுத்து, மனைவியின் மருந்துக்கென்றே ஓர் அலுமாரி செய்யத் தொடங்கினார். சோளகக் காற்று அடிக்கும் கோடைக்காலம். பலகை அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. கதவை, ஓர் எறும்பு நுழைய இடமில்லாமல் சட்டத்துக்குள் இறுக்கிப் பொருத்தினார்.

எருக்கலம்பிட்டியில் தளபாடம் செய்கிற நௌபர், கருவாடு வாங்க வந்தவர், நின்று பார்த்தார்.

"அண்ணன், மரம் மாரிக்கு ஊதும். கதவைச் சுத்திக் கொஞ்சம் இடம் விடுங்கோ."

"ஊதட்டும் தம்பி. ஊதினால்தானே ஒழுக்கு அடைபடும்? நான் கடலையே உள்ளுக்கு விடாத ஆள். காத்து எனக்குப் பெரிய காரியமே?"

வள்ளத்தில் அது சரி. தண்ணீர் பட்டுப் பலகைகள் ஊதினால் பொருத்துகள் நெருங்கி ஒழுக்கு நின்றுவிடும். அலுமாரியில் ஊதிய கதவு சட்டத்தில் போய் இறுகிக்கொள்ளும், பிறகு திறக்காது. ஆனால் மரம் ஊத வேண்டும் என்றே காலமெல்லாம் வேலை செய்த மனிதருக்கு, ஊதினால் கெடுதி என்பது மண்டையில் ஏறவில்லை. நௌபர் கருவாட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அலுமாரி அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஐப்பசி மழை தொடங்கியதும் கதவு பிடிக்கத் தொடங்கியது. அக்கா அதைச் சாத்தாமல் விட்டார். அண்ணனுக்கு அது அவமானமாகப் பட்டது.

"ஏனப்பா திறந்து விட்டிருக்கிறாய்? உப்புக்காத்துப் பட்டால் மருந்து பழுதாப் போகுமெல்லோ."

"இழுத்து இழுத்துக் கை நோகுது. கொஞ்சம் சீவி விடுங்கோவன்."

"இப்ப சீவினால் கோடைக்குக் கதவு சுருங்கி நீக்கல் விழும். மழை விடட்டும், தானாச் சரிவரும்."

தலையணைக்குக் கீழே கிடந்த பம்ப்பையும் அவரே எடுத்து உள்ளே வைத்தார். அன்பில்தான் வைத்தார்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த காலை அது. விடாத மழை. ஆண்கள் எல்லோரும் வள்ளங்களைக் கரையேற்றப் போயிருந்தார்கள். அண்ணனும் அலுமாரியைத் தோளால் தள்ளிச் சாத்திவிட்டுத்தான் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் பலகையில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். அக்கா நிலத்தில் குந்தியிருந்து கதவைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். கதவின் கைப்பிடி கழன்று மடியில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"பம்ப்... உள்ளுக்கு..."

விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கத்தியைக் கொடுத்தேன், நுனி உடைந்தது. நெம்பித் திறக்க அலவாங்கைத் தேடினால், அதையும் கடற்கரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம், ஓட்டோ வராது. வாசலில் நின்று ஊரே கேட்கக் கத்தினேன். யாரோ ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தார்கள்.

அவர் கடற்கரையிலிருந்து கையோடு கோடரியும் கொண்டுவந்திருந்தார். முதல் கொத்துக்குக் கதவு அசையவே இல்லை. அவ்வளவு நல்ல வேலை. கொத்திக் கொத்திப் பிளந்து, பம்ப்பை எடுத்து அக்காவின் வாயில் வைத்து அழுத்தினார்.

"இழு, றஞ்சி. இழும்மா."

மருந்து உதட்டோரத்தால் புகையாக வெளியே வந்தது. உள்ளே இழுக்க அக்காவிடம் மூச்சு இருக்கவில்லை. அவர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

செத்த வீட்டில் செபமாலை முடிந்ததும், வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். ஆண்டவர் கூப்பிட்டுவிட்டார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் மாறி ஒருவராகச் சொன்னார்கள். பேதுரு அண்ணன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தலை குனிந்து இருந்தவர் நிமிர்ந்தார்.

"ஆண்டவருக்கு ஏன் பழி போடுறியள்? அந்தக் கதவை இறுக்கினது நான்."

அப்படிச் சொல்லாதீர்கள் என்று யாராவது அவரைத் தடுத்திருக்க வேண்டும். என்னாலும் முடியவில்லை. அவர் சொன்னது உண்மை.